தெருவுக்கும் வந்த நடுக்கம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் முதல் வரியில் எழுதுவதுதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே, இந்தத் தடவை கடிதமே அதைப் பற்றித்தான். நீயும் மருமகளும் என் பேத்தியும் சுகம்தானா, உனக்கு அந்த வறட்டு இருமல் விட்டதா, வெந்நீர் குடிக்கச் சொன்னேனே, குடிக்கிறாயா இல்லை சும்மா தலையாட்டினாயா. போனில் சொல்ல வேண்டியதை எதற்கு மெனக்கெட்டுக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் பாதி சொல்லும்போதே நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், மீதிப் பாதி உள்ளேயே நின்றுவிடும். அதனால் எழுதிப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அசையாத காகிதத்தைப் படம் பிடிக்க உன் பழைய போனுக்கு ஒரு சிரமமும் இல்லை. அசைகிறதைப் பிடிக்கச் சொன்னால்தான் அதற்கு மூச்சு வாங்குகிறது என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

பேத்தியின் பள்ளிப் பாவாடை குட்டையாகிவிட்டது, மடிப்பை எப்படிப் பிரித்து இறக்கித் தைப்பது என்று வீடியோ எடுத்து அனுப்புங்க அத்தை என்று மருமகள் கேட்டாள் அல்லவா, எல்லாம் அதில் ஆரம்பித்தது. ஜன்னல் ஓரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, நூல்கண்டு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, மெதுவாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஒரு பழைய பாவாடையில் கையால் தைத்துக் காட்டினேன். நீ இங்கிருந்து கிளம்பும்போது "உனக்கு இது போதும்மா, பேசத்தானே போற" என்று கொடுத்துவிட்டுப் போன போன்தான் அது. பேசத்தான் போகிறேன், யாரோடு என்று அன்றைக்கு நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது கிடக்கட்டும். கண்ணாடி கூடப் போடாமல் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்தேன், அதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டிப் பெருமை வேறு பட்டுக்கொண்டேன். உன்னிடம் வந்து சேர்ந்த வீடியோவிலோ என் கை வெடுக்கு வெடுக்கென்று இழுத்துக்கொண்டது, இங்கே இருந்த ஊசி திடீரென்று அங்கே இருந்தது, பேச்சு திக்கித் திக்கி வந்தது. நீ பாவாடையை எங்கே பார்த்தாய், அம்மா கையைத்தான் பார்த்தாய்.

பக்கவாதமோ என்று பயந்து அன்றைக்கு நீ போட்ட கூத்தை நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது. "அம்மா, ரெண்டு கையையும் தூக்கு பாக்கலாம், தூக்க முடியுதா? சிரி. என் பேரச் சொல்லு" என்று போனில் கத்தினாய். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, நடு அறையில் நின்று, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி, யாரும் இல்லாத சுவரைப் பார்த்து இளித்து, நானே வைத்த பெயரை உனக்கே சொன்னேன். பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். ஆனால் நீ போனை வைத்த பிறகு நானும் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். காலமெல்லாம் தைத்த கை இப்படியா ஆகிவிட்டது என்று உட்கார்ந்துவிட்டேன். மறுநாளிலிருந்து காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தேன், மாடிப்படியில் சுவரைத் தொட்டுக்கொண்டே இறங்கினேன், தைக்கக் கொடுத்திருந்த துணிகளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நம்புவாயோ மாட்டாயோ, நினைத்து நினைத்து ஒருநாள் நிஜமாகவே கை நடுங்கியது. வீடியோவைக் கொண்டுபோய் இங்கே டாக்டரிடம் காட்டினேன், அவரும் மூக்கைத் தொடச் சொன்னார், கோட்டின் மேல் நடக்கச் சொன்னார், எனக்கு ஒண்ணும் தெரியலம்மா, எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்த வீடியோவைப் பார்த்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

இதற்கு நடுவில் நீ லீவு போட்டுவிட்டாய். மாதக் கடைசியில் வர்றேம்மா, பயப்படாதே என்றாய். உன் அப்பா காரியத்துக்கு வந்துவிட்டுப் போனவன், அதற்குப் பிறகு இப்போதுதான் வருகிறேன் என்கிறாய். எனக்கு வியாதி என்பதே மறந்துபோய்விட்டது. உன் மெத்தையை வெயிலில் போட்டேன், உன் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்தேன், நடுங்குகிற கையாலேயே தைத்தேன், தையல் நேராக விழுந்ததைக் கவனிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுகிறவன், அதிலும் சில ஞாயிறு தவறிவிடுகிறவன், காலையும் மாலையும் கூப்பிட்டாய். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாய், நன்றாகத் தூங்கினாயா என்று கேட்டாய். நானும் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ள வேண்டுமே என்று ஒழுங்காகச் சமைத்தேன்.

முந்தாநாள், அம்மா, நீ நடக்கிறதையும் ஒரு வீடியோ எடு, இங்கே ஒரு பெரிய டாக்டரிடம் காட்டணும் என்றாய். மேசை மேல் போனை வைத்துவிட்டு ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். பிறகு போட்டுப் பார்த்தால் நான் தத்தித் தத்தி வருகிறேன், சரி, இனி கால்தானா என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்குப் பின்னால் ஜன்னல் வழியாகத் தெரிகிற தெருவைப் பார்த்தேன். சைக்கிளில் போனவர் வெட்டி வெட்டிப் போனார். பஸ் நடுங்கிக்கொண்டே வந்து நின்றது. ஒரு தடித்த மனிதர் ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்றார், அவர் கையும் என் கை மாதிரியே இழுத்தது. ஒரு நாய் வாலை ஆட்டியது, வால் இந்தப் பக்கம் இருந்தது, அந்தப் பக்கம் இருந்தது, நடுவில் எங்கேயும் இல்லை. எனக்குச் சீக்கு வரலாம், ஒரே சாயங்காலத்தில் தெருவுக்கே வருமா?

நேற்றுக் காலையில் முதல் வேலையாகப் போன் கடைக்குப் போனேன். அந்தக் கடைப் பெண் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, இதுக்குத்தான் முடியல. இவ்வளவு பெரிய வீடியோவை எடுக்க இதுக்குத் தெம்பு இல்ல, பாதிய விட்டுட்டு விட்டுட்டுப் பிடிக்குது" என்று தன் கையை ஆட்டி வீடியோ எடுத்துக் காட்டினாள், அவள் கையும் நடுங்கியது. லேசான மிஷினில் தடித்த துணியை வைத்து வேகமாக ஓட்டினால் தையல் தாண்டித் தாண்டி விழும் அல்லவா, அதேதான். படத்தின் அளவைக் குறைத்துவைத்தாள், வீடியோ எடுக்கும்முன் மற்றதையெல்லாம் மூடிவிட வேண்டும், சூடானால் ஆறவிட வேண்டும் என்றாள். இப்போது முகம் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது, ஆனால் கை கையாக இருக்கிறது. பாவாடை மடிப்பை மறுபடி எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன், மருமகளிடம் காட்டு.

சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அழுகைதான் வந்தது. இதை உன்னிடம் சொன்னால் நீ வரமாட்டாயே என்றுதான். மாடி வீட்டு நர்ஸிடம் சொன்னேன், "சொல்லாதீங்கக்கா, மகன் வந்து பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் மாத்திரையில சரியாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றாள். எனக்கும் அது பிடித்திருந்தது, மறைப்பானேன். பொய்கூடச் சொல்ல வேண்டாம், வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். பகல் முழுக்க அந்த நினைப்போடு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் நீ கூப்பிட்டபோது பேத்தி போனைப் பிடுங்கி, "பாட்டி, அப்பா உங்க வீடியோவையே திரும்பத் திரும்பப் பாக்கிறாரு, சாப்பிடக் கூப்பிட்டா வர மாட்டேங்கிறாரு" என்றாள். உன் அப்பா படுத்துக் கிடந்தபோது அவர் மூச்சையே பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன், சோறு இறங்காது. அந்தப் பயத்தை உனக்குக் கொடுத்து உன்னை இங்கே வரவழைக்க எனக்கு மனம் வரவில்லை. நேற்றே போனில் சொல்லியிருப்பேன், வாய் வரைக்கும் வந்தது, காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டேன்.

அதனால் நிம்மதியாகச் சாப்பிடு, தூங்கு. எனக்குக் கையும் காலும் வாயும் சரியாக இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான், அது எந்த வீடியோவிலும் தெரியாது. சில நாள் சாயங்காலம் யாராவது கதவைத் தட்டி, நான் "யாரு?" என்று கேட்கும்போதுதான் தெரிகிறது, அன்றைக்கு நான் பேசின முதல் வார்த்தையே அது என்று. அப்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். உடனே புதுப் போன் வாங்கி அனுப்புகிறேன் என்பாய், எனக்குத் தெரியும், வேண்டாம். இது எனக்குத் தாராளமாகப் போதும்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் ஒற்றுமையாக, நிறைவாக இருக்க வேண்டும், பேத்தி நன்றாகப் படிக்க வேண்டும், அவளுக்கு என் முத்தம். மருமகளிடம் நான் விசாரித்ததாகச் சொல், வேலைக்கு நடுவில் அவளும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, இதைப் படித்த கையோடு ஆபீசுக்குப் போன் போட்டு லீவை வேண்டாம் என்று சொல்லிவிடாதே, ஒரு ராத்திரி பொறுத்துச் சொல். உடம்பு முடியாத அம்மாவைப் பார்க்க வருவதாக இருந்தாய். நன்றாக இருக்கிற அம்மாவைப் பார்க்கவும் வருவாயா கண்ணா?

இப்படிக்கு,
உடம்புக்கு ஒன்றும் இல்லாத
உன் அம்மா