பீடத் துணிக்கான பேசின்

தம்பிக்கு,

‘ஃபாதர்’ என்று எழுதக் கை வரவில்லை.

துவைக்கக் கொடுத்த கோவில் பீடத் துணிகள் ஏன் இன்னும் வரவில்லை என்று ஆள் விட்டுக் கேட்டிருக்கிறாய். துவைக்கவில்லை. நற்கருணை அப்பத்தின் துணுக்கு ஒட்டியிருக்கும் என்பதால் நீ வாங்கித் தந்த வெள்ளைப் பேசினில்தான் முதலில் அலச வேண்டும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் செடிக்கு ஊற்ற வேண்டும். மறக்கவில்லை. “புனிதம்னா கடவுளுக்குன்னு தனியா பிரிச்சு வைக்கிறது, அக்கா. வேற எதுக்கும் எடுக்கக் கூடாது” என்றாயே, அதையும் மறக்கவில்லை.

உன்னையும் அப்படித்தான் வைத்துக்கொண்டாய். அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது, வந்த இரண்டு தடவையும் அறை வாசலிலேயே நின்றாய். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு தீர்த்தம் தெளித்தாய். “பூசைக்கு நேரமாச்சு” என்று கிளம்பினாய். அம்மா நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

“சாமி தொடுற கைடீ, அழுக்காயிடும்ல” என்று உனக்காக அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள்.

அவள் போன அன்று, படுக்கையில் அவள் கடைசியாக நனைத்த விரிப்பை அந்தப் பேசினில்தான் அலசினேன். தண்ணீரைச் செடிக்குத்தான் ஊற்றினேன்.

துணிகளைத் திருப்பி அனுப்புகிறேன், நீயே துவைத்துக்கொள். பேசினை மட்டும் கேட்காதே. அதை அம்மாவுக்கென்று பிரித்து வைத்துவிட்டேன்.

உன் அக்கா