நாற்றுக் கணக்கு தெரிந்தவளுக்கு

அக்கா,

இன்று காலை நாற்று பற்றாமல் போய்விட்டது. கிழக்கு வயலில் முக்கால் பங்கு நட்டதும் பெண்களின் கை நின்றது. "என்னண்ணே, நாத்து முடி தீந்துபோச்சு. மிச்ச எடத்துல உங்க மீசையவா நடறது?" என்று செல்வி அத்தை கேட்க, வயலே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. நீ இருந்தவரை நமக்கு நாற்று குறைந்ததே இல்லை.

பறித்த நாற்றின் பச்சை வாசனை இன்னும் என் கையில் இருக்கிறது. கழுவாமல்தான் எழுதுகிறேன்.

நீ நாற்றங்கால் வரப்பில் நின்று ஒரு சுற்றுப் பார்ப்பாய். "இது ரெண்டு மா நெலத்துக்கு வரும். தெக்கால வெளிறிக் கெடக்கு, அத மட்டும் நெருக்கி நடச் சொல்லு" என்பாய். நடவில் யாரை யார் பக்கத்தில் விட்டால் வேலை ஓடும், யாரைப் பிரித்து வைக்காவிட்டால் சண்டை வரும் என்பதும் உனக்குத் தெரியும். அதையெல்லாம் திறமை என்று நான் நினைத்ததே இல்லை. அக்கா என்றால் அதைச் செய்வாள், அவ்வளவுதான்.

போன ஆவணியில் கல்லூரியிலிருந்து ஒரு தாள் கொண்டு வந்தாய். பொருளாதாரம், இரண்டாம் ஆண்டு, மூன்று அரியர். "இந்தத் தடவையும் போச்சுன்னா வீட்டுல இரு, போதும்" என்று அப்பா சொல்லியிருந்தார். உனக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்த மேடம் மட்டும் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். "வராதத விடு. நல்லா வர்றது அஞ்சு எழுதிட்டு வா, அதுலேருந்து ஆரம்பிப்போம்" என்றாராம்.

தாளை என் பக்கம் தள்ளினாய்.

"நீதான்டி புத்தகப் புழு. நாலு நல்ல வார்த்தையாப் போடு."

"உனக்கு என்னக்கா நல்லா வரும்?"

"நாத்துக் கணக்கு வரும். எழுதிக்க."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சேற்று வேலையைக் கல்லூரித் தாளில் எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. நூல் வாசிப்பில் ஆர்வம், கட்டுரை எழுதும் ஆற்றல், தனியே உட்கார்ந்து உழைக்கும் பொறுமை, இன்னும் இரண்டு. ஐந்தும் அழகாக வந்தன. ஐந்தும் நான்.

மேடம் அதை நம்பினார். மாணவர்களின் ஆய்வு வேலைக்கு இரண்டு குழுக்கள்: ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் பேசி எழுத ஒரு குழு, நூலகத்தில் உட்கார்ந்து கட்டுரை எழுத ஒரு குழு. உன்னை நூலகத்தில் போட்டார். "தப்பா எழுதிட்டேன்னு போய்ச் சொல்லுக்கா" என்று கெஞ்சினேன். "என் தங்கச்சி பொய் எழுதிட்டான்னா சொல்றது? போடி" என்றாய். மேடத்துக்கு என்னை யாரென்றே தெரியாது.

ஐப்பசியில் கட்டுரை பாதியில் நின்றது. அப்பா சொன்னபடியே நீயும் படிப்பிலிருந்து நின்றாய். கார்த்திகையில் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் நான்கே நாள். நீ வீடு திரும்பவில்லை.

தை பிறந்ததும் ஒருநாள் பள்ளிக்கு விடுப்பு போட்டுவிட்டு உன் கல்லூரிக்குப் போனேன். மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ பேனாவை எடுத்து, "சரி, அவளுக்கு நெஜமா என்னென்ன வரும்? சொல்லும்மா" என்றார். மூச்சு விடாமல் சொன்னேன். நாற்று, நடவு ஆட்கள், எந்த மடையைத் திறந்தால் யார் வயலுக்குத் தண்ணீர் முதலில் ஏறும் என்பது. பழக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தவர் ஆறாவதில் நிறுத்தினார். பேனாவை மூடினார்.

"ஊர் ஊராப் போன பிள்ளைங்க ஒண்ணுக்கும் இதுல பாதி தெரியலம்மா" என்றார். தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அதில் இன்னமும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், அக்கா. தாளின் பின்பக்கமும் நிறைந்துவிட்டது. இன்றுதான் பதினேழாவதை எழுதினேன்: தங்கையைக் காட்டிக் கொடுக்க மாட்டாள்.

இதை வாங்கிக்கொள்ள எந்தக் கல்லூரியிலும் ஆள் இல்லை.