அரைச் சுற்று உள்ளே

மார்ச் 3
அப்பா தன் பழைய பைக்கைத் தரப்போகிறார். எனக்கா, அக்காவுக்கா? "ஆளுக்கு ஒரு வாரம். கார்பரேட்டரை எப்படி வேணா வையுங்க. ஆஸ்பத்திரி மேட்டுல திணறாம ஏறணும், மைலேஜும் குடுக்கணும். ஜெயிச்சவங்களுக்குச் சாவி."
எனக்குப் பதினெட்டாகிப் பதினோரு நாள். அக்கா பஸ்ஸிலேயே சந்தோஷமாகப் போகிறவள். ஆனாலும் கையைத் தூக்கினாள். எதற்குத்தான் தூக்கவில்லை?

மார்ச் 10
என் வாரம் முடிந்தது. பெட்ரோல் பாயும் துளை பெரிதாக உள்ள ஜெட் போட்டேன். காற்று ஸ்க்ரூவை உள்ளே முறுக்கினேன்: காற்று குறைந்தால் பெட்ரோல் கூடும். மேட்டை வண்டி அப்பளம் மாதிரி நொறுக்கியது.
பிறகு பாட்டில் சோதனை. டேங்க்குக்குப் பதில் ஒரு லிட்டர் பாட்டிலைக் கட்டி, தீரும்வரை ஓட்ட வேண்டும். முப்பத்தாறு கிலோமீட்டரில் தீர்ந்தது. அப்பா பிளக்கைக் கழற்றினார். ஒரே கரி.
"வண்டியாடா இது? குடிகாரன்."
அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மார்ச் 14
அக்கா பழைய ஜெட்டையே மாட்டி, ஸ்க்ரூவை இரண்டரைச் சுற்று வெளியே திறந்திருக்கிறாள். சமதரையில் ஐம்பத்தெட்டு வந்ததாம். அப்பா பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "என் பொண்ணு கை வச்சா ஒரு சொட்டு வீணாகாது." நான் கை வைத்தால்? அதை யாரும் கேட்கவில்லை.

மார்ச் 15
வயிறு எரிகிறது. அதன் மைலேஜ் மட்டும் பிரமாதம், நிற்காமல் எரிகிறது.

மார்ச் 16
செய்துவிட்டேன். அக்கா குளிக்கப் போனபோது ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே திருப்பினேன். குனிந்து பார்க்கக்கூட நேரமில்லை, கைத்தடவலில்தான். நாளை பாட்டில் நாற்பதில் காலி. அக்காவின் முகமும்.

மார்ச் 17
ஐம்பத்தேழு! ஒன்றே ஒன்றுதான் குறைந்தது. மேட்டில் அப்பாவையும் சுமந்துகொண்டு ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது. அப்பா சாவியை அக்கா கையில் வைத்தார். நான் கைதட்டினேன் — என் கையாலேயே.
பிறகு அவள் வண்டிக் கணக்கு எழுதும் நோட்டைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். பதினைந்தாம் தேதி: 'மேட்டில் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினேன். காற்று அதிகமோ? மைலேஜ் போய்விடுமே.'
அப்படியானால் மேடேற்றியது என் அரைச் சுற்று. ஜெயிக்க வைத்தது நான்தானே? யாரிடம் போய்ச் சொல்வது? "அப்பா, நான் கெடுக்கத்தான் பார்த்தேன், நல்லதாப் போச்சு" என்றா?

மார்ச் 18
சொல்லவில்லை. அக்கா கேட்காமலேயே அவள் தட்டையும் கழுவி வைத்தேன்.

மார்ச் 19
சாப்பிடும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள்: "ஏன்டா, நான் ஸ்க்ரூ தலையிலேர்ந்து கார்பரேட்டர் வரைக்கும் நெயில் பாலிஷ்ல கோடு போட்டு வச்சிருந்தேன், நகர்ந்தா தெரியறதுக்கு. அது எப்படிடா திரும்பிச்சு?"
"காத்துல இருக்கும்."
"காத்து ஸ்க்ரூதானே."
அப்பா நிமிர்ந்தார். "என்ன?"
"ஒண்ணுமில்லப்பா. குழம்பு ஊத்துங்க."

மார்ச் 21
இன்று குனிந்து பார்த்தேன். பழைய கோடு சுரண்டப்பட்டிருக்கிறது. அரைச் சுற்று உள்ளே, நான் திருப்பிய இடத்திலேயே, புதுக்கோடு.
காலையில் வாசலில் சாவியை என் பக்கம் எறிந்தாள். "நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காந்து சத்தம் எப்படி வருதுன்னு கேக்கறேன்."
மேட்டில் வண்டி திணறவே இல்லை. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், நான்தான் திணறினேன்.
கோடு எவ்வளவு நேராக இருக்கிறது. எனக்கு அப்படிப் போட வராது. அதுவும் பொறாமையாகத்தான் இருக்கிறது.