உன் சம்மதம் மட்டும் வரவில்லை

அன்புள்ள உனக்கு,

மெயில்களுக்குப் பதில் இல்லாததால் பாரிஸ் முகவரிக்குத் தாளில் எழுதுகிறேன்.

நாம் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்தோமே, எழுதும் நிரலைப் படித்துக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் அந்தக் கம்பைலருக்குச் சிக்கல். அதனுள் நாம் பயன்படுத்திய இன்னொருவரின் மென்பொருளுக்கு லைசென்ஸை, பயன்படுத்தும் நிபந்தனைகளை, மாற்றிவிட்டார்கள். நாமும் மாற்றினால்தான் இனி வெளியிட முடியும். அதற்கு, அதில் எழுதிய எல்லோரும் சம்மதிக்க வேண்டும். உன்னைத் தவிர எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

"அவரு எழுதுனத எடுத்துடலாம்க்கா, நானே புதுசா எழுதிடறேன்" என்கிறாள் நீ போன பிறகு குழுவில் சேர்ந்த மஹீரா. உன் பகுதியை அவள் திறந்தே பார்த்ததில்லை, அதனால் அவள் எழுதலாம். எனக்கு அது மனப்பாடம். நான் எழுதினால் உன்னுடையதன் நகலாகிவிடும், எழுதக் கூடாது.

நிரலில் தப்பு செய்தால் மற்ற கம்பைலர்கள் அதட்டும். நீதான் நம்முடையதை, "இங்க ஒரு அடைப்புக்குறி விட்டுட்ட. அவசரமில்ல, பாரு" என்று சொல்லவைத்தாய். அரியாங்குப்பம் பாலத்தில் உன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து நான் கேட்ட அதே குரல்.

மஹீரா எழுதியது நேற்று வந்தது: "பிழை: அடைப்புக்குறி இல்லை." சரியாகத்தான் இருக்கிறது. நான்தான் இன்னும் உன்னுடையதை எடுத்துவிட்டு அதைச் சேர்க்கவில்லை.

ஒரு வரி போதும். முடியாது என்றாலும் எழுது. உன் கோபம் உன்னோடு பாரிஸுக்கு வராத என் மேல்தானே, கம்பைலர் மேல் இல்லையே.

இன்று காலை வேண்டுமென்றே ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டேன். "அவசரமில்ல, பாரு" என்று வந்தது. திருத்த மனமில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலத்துக்கு இந்தப் பக்கமே இருக்கும்,
நான்