வண்டிமேல் ஒரு சாவுப்பாட்டு

நியூ ஆர்லியன்ஸ்,
1916 பிப்ரவரி, திங்கட்கிழமை

அன்பு மகன் அல்சீதுக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா நலம், என் டிராம்போன் நலம், அதை ஊதுகிறவன் பாதி நலம். சிகாகோக் குளிரில் நீயாவது முழு நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். நாம் இங்கே காலங்காலமாக ஊதிவருவதற்கு அங்கே ஜாஸ் என்று பெயர் வைத்துவிட்டார்களாமே, பெயர் வைத்தது யாராக இருந்தாலும் பிள்ளை நம்முடையது என்று சொல்லி வை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஞானத்தந்தை ஓனோரேவுக்கு நினைவு தடுமாறுகிறது, தான் ஊதும் கார்னெட் குழலைக் கையில் வைத்துக்கொண்டே கார்னெட்டைத் தேடுகிறான். "எனக்கு என் பொண்டாட்டி பேரே மறந்துபோகுதுடா" என்று கேலி செய்துபார்த்தேன், அவன் சிரிக்கவில்லை, உள்ளே இருந்த உன் அம்மாவும் சிரிக்கவில்லை. அவன் தங்கை கிளோதில் "இன்னொரு தடவ ஜனங்க முன்னால தடுமாறட்டும், ஜாக்சன் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடறேன், என்னால தாங்கல அண்ணே" என்று சொல்லிவிட்டாள். ஊதினால் ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும் என்பார்களே, அந்த போல்டனை அங்கேதான் கொண்டுபோனார்கள், அந்த மனுஷன் இன்னும் வீடு திரும்பவில்லை.

நேற்று நடனத்துக்கு விளம்பரமாகத் தெருத்தெருவாக ஊதிப்போக நம் பேண்டோடு வண்டி ஏறினோம். ஓனோரேயை வீட்டிலேயே இருக்கச் சொன்னேன், "நான் இல்லாம நீ ஊதினா வண்டிக் கழுதையே திரும்பி உதைக்கும்டா" என்று முதல் ஆளாக ஏறிவிட்டான். ராம்பார்ட் தெரு முனையில் எதிரே எவாரிஸ்டின் பேண்டு வண்டி. ஜனங்கள் விடுவார்களா, போட்டியில் தோற்கிறவன் ஓடிவிடக் கூடாதென்று இரண்டு வண்டிச் சக்கரங்களையும் சங்கிலியால் பிணைத்துவிட்டார்கள். "என்ன கிழவா, பல்லெல்லாம் பத்திரமா?" என்று எவாரிஸ்ட் கத்துகிறான், கூட்டத்தின் முன்னால் கிளோதில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அவர்கள் ஒன்று ஊதினார்கள், நாங்கள் ஒன்று ஊதினோம், அவர்கள் இன்னொன்று ஊதினார்கள். எங்கள் முறை வந்ததும் ஓனோரே கார்னெட்டை உயர்த்தினான், வந்தது கல்லறைக்குப் போகும்போது வாசிக்கிற சாவுப்பாட்டு. நடன வண்டியில் சாவுப்பாட்டு! நிறுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும், அதனால் அவன் பின்னாலேயே நானும் அதையே ஊதினேன், என்னைப் பார்த்து நம் டிரம்காரனும் சாவு ஊர்வலத்தில் செய்வதுபோலக் கைக்குட்டையைச் செருகி டிரம்மின் சத்தத்தை அடக்கினான். ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா, அந்தப் பாட்டு கேட்டால் எவன் தலையிலும் தொப்பி நிற்காது, எதிர்த்து ஊத எவனுக்கும் துணிவும் வராது. எவாரிஸ்டே தொப்பியைக் கழற்றினான். சிப்பி விற்கிறவள் ஒருத்தி "யாருங்க போயிட்டது?" என்று கேட்டாள், "எவாரிஸ்டோட பேண்டும்மா, இப்பதான்" என்றேன். தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே டிரம்காரன் கைக்குட்டையை உருவிவிட்டான், அடக்கம் முடிந்து திரும்பும்போது வாசிக்கிற துள்ளல் பாட்டு தொடங்கியது, ஓனோரே பழைய ஓனோரேயாக ஊதினான். சங்கிலியை அவிழ்த்ததும் கூட்டம் எங்கள் வண்டிக்குப் பின்னால் வந்தது. "எங்க அண்ணனுக்கு இன்னும் குறும்பு போகல பாரு" என்று கிளோதில் பக்கத்திலிருந்தவளிடம் பெருமையடித்தாள். ஊர் முழுக்க அதை என் தந்திரம் என்கிறது, நானும் மறுக்கவில்லை, புகழ் நம் வீட்டுக்கு வருவதே அபூர்வம்.

வீடு திரும்பும்போது ஓனோரே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லபடியா வழியனுப்பிட்டோம் ஆக்டேவ். பாவம், யாருடா அது?" என்று கேட்டான்.

அடுத்த மாதம் கார்னிவல். நாள் முழுக்க ஊர்வலம், ஒவ்வொரு தெருமுனையிலும் கிளோதில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள், எல்லா இடத்திலும் என் வாய் காப்பாற்றாது. நீ புறப்பட்டு வா, அவன் பக்கத்தில் இரண்டாவது கார்னெட்டாக நில், முதல் கார்னெட் அவன்தான், சிகாகோப் பெருமையைக் காட்டாதே. அவன் எங்கே தவறினாலும் நீயும் அங்கேயே தவறு. இரண்டு பேர் சேர்ந்து ஊதினால் அது தவறில்லை, பாட்டு.

தேவமாதா உன் உதட்டையும் மூச்சையும் காக்கட்டும். உன் அம்மா ஆயிரம் முத்தம் அனுப்புகிறாள். வரும் நாளைத் தந்தி அடித்துச் சொல், கிளோதிலுக்கு மட்டும் எதுவும் எழுதிவிடாதே.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
ஆக்டேவ்