முதல் காலுக்கு ஒரு புள்ளி

இன்று காலை சிவப்புப் பெட்டியைப் பிரித்து, புது புராசஸரை உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்தேன். கால் ஒன்றுகூட இல்லை. ஆயிரத்துக்கு மேல் ஊசிக்கால்கள் நிற்க வேண்டிய இடத்தில் தட்டையான தங்கப் புள்ளிகள், அவ்வளவுதான். கால்களை எல்லாம் எடுத்து, போர்டில் இருக்கும் சாக்கெட்டுக்குள் வைத்துவிட்டார்கள். அதாவது, உன் கட்சிக்காரர்களும் கடைசியில் என் கட்சி வழிக்கே வந்துவிட்டார்கள். "தோத்துட்டியாட்டி?" என்று கேட்கத் திரும்பினேன். வடக்குப்பட்டு வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

கம்ப்யூட்டரின் மூளையான புராசஸர் சிப்பைச் செய்கிறவர்கள் இரண்டே பேர்: நீலப்பெட்டிக் கம்பெனி, சிவப்புப்பெட்டிக் கம்பெனி. பெயர் சொல்லி நாம் பேசியதே கிடையாது. நம் பேக்டரியின் ஷிப்ட் பஸ்ஸில் நிறம்தான் கட்சி. நான் நீலம். காரணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, எங்கள் பாலிடெக்னிக் லேபில் எல்லா மெஷினிலும் நீல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "ஸ்டிக்கர பாத்து ஓட்டு போடுற, நீயெல்லாம் இன்னா டிப்ளமோ படிச்ச?" என்று பஸ்ஸே கேட்கும்படி கத்துவாய். பின் சீட்டில் இருந்து யாராவது உன் பக்கம் பேசுவார்கள், யாராவது என் பக்கம். டிரைவர் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். தென்காசியில் இருந்து வந்த எனக்கு உன் பென்னலூர்ப் பேச்சு புரியவே ஆறு மாதம் ஆனது. சண்டை மட்டும் முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது.

நமக்கு ஒரே வேலை. மெஷின் சிப்புகளை சர்க்யூட் போர்டில் வைக்கும், சூடுபடுத்தி ஒட்டும். லைன் முடிவில் லென்ஸ் விளக்குக்கு அடியில் உட்கார்ந்து நாம் பார்ப்போம். சிப்பின் மூலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதுதான் முதல் காலுக்கு அடையாளம். அது இருக்க வேண்டிய மூலையில் இருக்கிறதா, இல்லை சிப்பு திரும்பி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் பிழைப்பு. எட்டு மணி நேரம், புள்ளி, புள்ளி, புள்ளி.

அப்போதுதான் டிசைன் செக்ஷனில் ஓர் இடம் காலியானது. டிப்ளமோ முடித்த யார் வேண்டுமானாலும் வரலாம், சொந்தமாக ஒரு போர்டு வரைந்து கொண்டுவர வேண்டும், இருபது நாள் டைம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். எல்லோரும் படித்துவிட்டு கேண்டீனுக்குப் போனார்கள். நீ மட்டும் நின்றாய். "நாம பாக்குற போர்ட எவனோ வரையறான் இல்ல? ஏன், நான் வரைஞ்சா கோடு ஓடாதா?" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், ஆனால் உன் காது மடல் சிவந்திருந்தது. உனக்கு ஒன்று வேண்டும் என்றால் முதலில் அதுதான் சிவக்கும்.

என் பழைய லேப்டாப்பில் வரையப் பார்த்தாய். ஒரு கோடு இழுத்தால், டீ குடித்துவிட்டு வரும்போதுதான் அது திரையில் தெரியும். ஆகவே கம்ப்யூட்டர் கட்டுவது என்று முடிவானது, நம் கட்சிச் சண்டையும் விளையாட்டாக இல்லாமல் போனது. நான் வேகத்தைச் சொன்னேன், சூட்டைச் சொன்னேன், நீலத்தை வைத்தவர்கள் யாரும் கெட்டுப்போனதில்லை என்று அடித்துச் சொன்னேன். நீ இரண்டின் படத்தையும் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு சொன்னாய்:

"உன்துல காலு போர்டுல கீது. வளைஞ்சா போர்டே போச்சு. என்துல காலு சிப்புல கீது. கையில எடுத்து வெச்சிகினு நிமித்தலாம். இருபது நாள்தான் கீது எனக்கு. தப்பாச்சின்னா நானே சரி பண்ற மாதிரி ஒண்ணு வோணும்."

உலகமே வேகம் பார்த்து வாங்குகிற பொருளை, பழுது பார்க்க முடியுமா என்று பார்த்து வாங்கியவள் நீ ஒருத்திதான். அன்று அதை நான் கிண்டல் செய்தேன்.

வார விடுமுறை அன்று மதியம், உங்கள் வீட்டுக் கூடத்தில் கட்டினோம். "நைலான் நைட்டியோட என் போர்டு கிட்ட வராத, ஸ்டேட்டிக் அடிக்கும்" என்று என்னை விரட்டி, உன் காட்டன் சுடிதாரை மாட்டவைத்தாய். உடம்பில் ஏறும் அந்த மின்சாரம் இறங்குவதற்காக, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இருவரும் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தோம். உன் அம்மா, என்னவோ சாமி கும்பிடுகிறோம் என்று நினைத்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

புராசஸரை எடுத்து என் கையில் கொடுத்து, "நீ வை. உன் கட்சியும் வந்து தொட்டுச்சின்னு இருக்கட்டும்" என்றாய். அதற்குமுன் நான் யோசித்ததே இல்லை: ஆறு வருஷமாக லட்சக்கணக்கில் பார்த்தோமே தவிர, ஒரு சிப்பைக்கூட நம் கையால் வைத்ததில்லை. வைப்பது மெஷின். நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் என் கட்சி வீடியோக்கள். அதில் மூடியைப் போட்டு லீவரை நன்றாக அழுத்துவார்கள். நானும் வைத்தேன், உட்காரவில்லை, அழுத்தினேன்.

"அயுத்தாத!" என்று நீ கத்தியபோது நேரம் கடந்துவிட்டது. மூலையில் இருந்த முக்கோண அடையாளத்தைப் பார்க்காமல் சிப்பைத் திருப்பி வைத்திருந்தேன். திரும்பின சிப்பைக் கண்டுபிடிப்பதையே சம்பளத்துக்குச் செய்கிற நான்! எடுத்துப் பார்த்தால் மூன்று கால்கள் சாய்ந்து கிடந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபது நாளில் ஏழு நாள் முடிந்திருந்தது.

நீ திட்டவில்லை. தையல் ஊசி ஒன்றை எடுத்து வந்தாய். என் போன் கேமராவைப் பெரிதாக்கி அசையாமல் பிடிக்கச் சொன்னாய். திரையைப் பார்த்துக்கொண்டு, முடியைவிடக் கொஞ்சம் தடித்த அந்தத் தங்கக் கால்களை ஊசி முனையால் தொட்டாய். தள்ளவில்லை, தொட்டாய். ஒருமுறை தொட்டுவிட்டு மூச்சு விடுவாய், மறுபடி தொடுவாய். தெருவில் கன்டெய்னர் லாரி போனால் கையை எடுத்துவிட்டு, தரை அதிர்வது அடங்கும்வரை காத்திருப்பாய். "கை ஆடுதுடி உனுக்கு, மூச்ச புடி" என்றாய். நானும் உன் அம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு கால் நிமிர்ந்தது. அப்புறம் இன்னொன்று. மூன்றாவது, பக்கத்துக் காலோடு ஒட்டிக் கிடந்தது. அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம். கோடிக்கணக்கான சுவிட்சுகளை நகத்தளவு இடத்தில் அடுக்கியவர்களை நினைத்து அதுவரை நான் பிரமித்திருக்கிறேன். அன்று மதியம் உன் கையைப் பார்த்துப் பிரமித்தேன். அதற்குப் பின் எந்த மெஷினைப் பார்த்தும் எனக்கு அந்த அளவுக்கு வாய் அடைத்துப் போனதில்லை.

பிறகு முக்கோணத்தைப் பார்த்து, சிப்பைச் சாக்கெட்டின் மேல் வைத்துக் கையை எடுத்துவிட்டாய். "சரியா வெச்சா தானா குந்தும்" என்றாய். டக் என்று ஒரு சின்னச் சத்தம். குந்திவிட்டது. உட்காரும் என்று சொல்லத் தெரியாதா என்று உன்னை எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன்! அந்தச் சத்தத்துக்கு 'குந்தும்' தவிர வேறு சொல்லே பொருந்தாது.

ஸ்கிரீனில் எழுத்து வந்ததும் உன் அம்மா சூடம் ஏற்றக் கிளம்பினார், நீதான் தடுத்தாய். நான் மன்னிப்புக் கேட்டேன். நீ வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாய். "நீ நல்லா பாக்குறவ. நீயே தப்பா வெச்சன்னா, அடையாளம் ஒயுங்கா தெரியலன்னு அர்த்தம். உன் மேல தப்பு இல்ல" என்றாய். ஆறுதலுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

ஆறுதல் இல்லை என்பது, நீ வரைந்த போர்டைக் காட்டியபோதுதான் தெரிந்தது. அதுவரை நம் லைனில் வந்த எல்லா போர்டிலும், முதல் காலுக்காக அச்சடித்த புள்ளி சிப்புக்கு அடியில் இருக்கும். சிப்பு வந்து உட்கார்ந்ததும் மறைந்துவிடும். அப்புறம் நாம், சரிபார்த்து வைத்த ஒரு மாதிரி போர்டை எடுத்து வைத்துக்கொண்டு, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வோம். உன் போர்டில் மட்டும் புள்ளி வெளியே இருந்தது, கொஞ்சம் பெரிதாக, சிப்பு உட்கார்ந்த பிறகும் தெரிகிற இடத்தில். இன்டர்வியூவில் அதையேதான் கேட்டார்களாம், இருக்கிற இடமே கொஞ்சம், அதில் புள்ளிக்கு எதற்கு இவ்வளவு என்று. "பாக்குறவங்களுக்கு சார்" என்றாயாம். கேட்டவர் எழுந்து போய், லைனில் ஒரு போர்டை வாங்கி லென்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாராம். மறுநாள் நீ மாடியில் இருந்த டிசைன் செக்ஷனுக்குப் போனாய். பஸ்ஸில் அதைச் சொல்லும்போது உன் காது மடல் எப்படி இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று வருஷம் மாடியில் இருந்தாய். பிறகு ரத்தத்தில் நோய் என்றார்கள். நாலே மாதம். அதைப் பற்றி எழுத எனக்கு வராது. "வூட்ல யாருக்கும் அத ஓட்டத் தெரியாது, நீயே எட்துகினு போ" என்று கம்ப்யூட்டரை எனக்குக் கொடுத்தாய். போன மாதம் அதன் போர்டு செத்துப்போனது. சிப்பு சாகவில்லை, ஆனால் அதற்குப் பொருந்தும் போர்டு இப்போது எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கழற்றித் துடைத்து, லென்ஸில் வைத்துப் பார்த்தேன். நீ நிமிர்த்திய மூன்று கால்கள் எவை என்று தேடினேன். பத்து வருஷமாகத் தப்பைக் கண்டுபிடிக்கிற கண், ஒரு மணி நேரம் தேடியும் அந்த மூன்றைக் கண்டுபிடிக்கவில்லை.

புதிதாக வாங்கப் போனபோது நீலம்தான் கேட்கப் போனேன், சத்தியமாக. வாயில் சிவப்பு என்று வந்துவிட்டது. இன்று காலை முக்கோணத்தை இரண்டு முறை பார்த்து, வைத்து, கையை எடுத்தேன். அழுத்தவில்லை. குந்தியது. உன்னை இழந்த பிறகு இன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன், முடிப்பதற்கு முன்னால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இன்னும் அதே டேபிளில்தான் இருக்கிறேன். நீ வரைந்த போர்டு இன்னும் எங்கள் லைனில் ஓடுகிறது. அது வருகிற நாட்களில் யாரும் மாதிரி போர்டை வெளியே எடுப்பதில்லை. "இந்த மாடல் வந்தா மட்டும் கண்ணு வலிக்கல இல்ல?" என்று பக்கத்து டேபிள்காரி சொல்வாள், ஏன் என்று அவளுக்குத் தெரியாது. நான் ஒரு சிப்பைத் தப்பாக வைத்ததால் வந்த புள்ளி அது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. நாளைக்குக் காலை ஷிப்ட். உன் போர்டுதான்.