நிரம்பிக் கிடந்த டாங்கி

1992 ஐப்பசி, வெள்ளி.

கிளாலித் துறையால் படகில் கடல் கடக்கப் போன குணமண்ணை இன்னும் திரும்பவில்லை. பெற்றோல் தடையால் மண்ணெண்ணெயில் ஓடும், அவர் வீட்டில் விட்டுப்போன மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் அளவு காட்டும் சேர்க்கிட்டைச் செய்து கொடுத்தவன் நான். பழைய ரேடியோக்களில் கழற்றிய சின்ன எல்.ஈ.டி. விளக்குகள்தான். டாங்கி நிறைந்தால் பச்சை, வற்றினால் சிவப்பு.

நேற்று அவருடைய மனைவி ராணியக்கா கூப்பிட்டார். டாங்கியில் மிஞ்சியிருந்த மண்ணெண்ணெயை அவருடைய குப்பி விளக்குக்கு நானே ஒட்ட வடித்துக் கொடுத்தேன். சிவப்பு எரிந்தது. செய்தி கேட்க ரேடியோவுக்கு மோட்டார் சைக்கிள் பற்றரி வேண்டுமென்றார். அதைக் கழற்ற இன்று மாலை போனேன். சுவிச்சைத் தட்டினால் பச்சை.

சேர்க்கிட்டில்தான் பிழை என்று, பையில் கிடந்த சாவியால் மூடியைத் திறந்தேன். கழுத்துவரை மண்ணெண்ணெய்.

"ஆரக்கா நிரப்பினது?"

"ஒருத்தரும் வரேல்லைத் தம்பி. அவர் எங்கை போயிட்டு வந்தாலும் டாங்கியை நிரப்பிப்போட்டுத்தானே வீட்டுக்குள்ளை வாறவர்."

சொல்லிவிட்டு மூன்று கோப்பையில் தேநீர் ஊற்றினார். ஒன்றை உள் அறைக்குக் கொண்டுபோய், வெறுங்கையோடு திரும்பினார்.

உள்ளே எட்டிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பற்றரியையும் கழற்றவில்லை. இப்போது சட்டையைக் கழற்றும்போது அந்தச் சாவி கையில் தட்டுப்பட்ட பிறகுதான் உறைத்தது. டாங்கி மூடியின் ஒரே சாவி. நேற்று மறதியாகக் கொண்டுவந்தது, இன்று மாலைவரை என் பையில்தான் கிடந்தது.